நான் எடுக்காத கடனும் என் பெயரில் இருந்த சிம்மும்

கொழும்பில் அறை எடுத்தோ அனெக்ஸ் எடுத்தோ இருந்து வேலைக்குப் போகிறவர்கள் இதை ஆறுதலாக ஒருமுறை வாசியுங்கள். என் பெயரில் யாரோ இணையத்தில் கடன் எடுத்தார்கள். அதைக் கட்டச்சொல்லி என்னையும் வீட்டாரையும் அலுவலகத்தாரையும் மாதக்கணக்கில் கரைச்சல்படுத்தினார்கள். எங்கே போவது, எந்தக் கடதாசியைக் கேட்பது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று சொல்லித்தர அந்த நேரம் எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கோ உங்கள் தங்கைக்கோ இப்படி வந்தால் அவ்வளவு அலைச்சல் படக்கூடாது என்று எழுதுகிறேன்.

அடையாள அட்டையில் என் விலாசம் இன்னும் பருத்தித்துறைதான். அதனால் கடிதம் வெள்ளவத்தையில் இருக்கும் எனக்கு வராமல் அம்மாவின் கைக்குப் போனது. ஆங்கிலத்தில் இருந்ததால் முன்வீட்டு ரீச்சரிடம் கொடுத்து வாசிப்பித்திருக்கிறார். நான் ரூ. 25,000 கடன் எடுத்து ஒரு தவணையும் கட்டவில்லை, வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து ரூ. 68,000 ஆகிவிட்டது, ஏழு நாளுக்குள் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை என்று அதில் இருந்தது. அன்றிரவு அம்மா போன் எடுத்து, “பிள்ளை, காசுக்குக் கஷ்டம் எண்டால் எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றார். கடன் எடுத்தாயா என்று கேட்கவே இல்லை. எடுத்துவிட்டேன் என்றே முடிவு செய்திருந்தார். பெயரும் இலக்கமும் அச்சில் வந்த ஒரு தாளை என்னைப் பெற்றவரே நம்பிவிட்டார் என்பது எனக்கு அந்த 68,000ஐ விடப் பெரிய அடி. விடியும்வரை நித்திரை இல்லை.

காலையில் கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் சிங்களத்தில் தொடங்கி, என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். நான் கடன் எடுக்கவில்லை என்று சொல்லி முடிக்க முதலே என் அடையாள அட்டை இலக்கத்தை வாசித்தார், பிறந்த திகதியைச் சொன்னார், ஊர் விலாசத்தைச் சொன்னார். “மிஸ், எல்லா விவரமும் எங்களிட்ட இருக்கு, பொய் சொல்லாதீங்க” என்றார். எனக்குக் கை நடுங்கியது. என்னைப் பற்றி இன்னும் என்னென்ன வைத்திருக்கிறார்களோ என்ற பயம். உண்மையில் அவர்களிடம் இருந்தது என் அட்டையின் இரண்டு பக்கப் படம் மட்டும்தான். பிறந்த திகதி அந்த இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டு நான்கு இலக்கமாக நீண்டது. பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் இப்போதும் அப்படியே தெரியும். ஆகவே யாராவது உங்கள் பிறந்த திகதியைச் சொல்லி மிரட்டினால் அதை வைத்து அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

அதன் பிறகு வந்த வாரங்களை நினைக்க இப்போதும் வயிறு கலங்குகிறது. காலை ஏழு மணிக்கே அழைப்பு வரும். ஒரு இலக்கத்தை மறித்தால் இன்னொன்றில் இருந்து வரும். என் முகப்புத்தகத்தைத் தேடிப் பிடித்து, அதில் வேலை செய்யும் இடம் இருந்ததால் அலுவலக வரவேற்பு மேசைக்கும் அழைத்தார்கள். கணக்குப் பிரிவில் வேலை செய்கிற ஒருத்தி கடன் கட்டாமல் ஒளிக்கிறாள் என்று ஒரு கதை கிளம்பினால் அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். முகாமையாளர் கூப்பிட்டு விசாரித்தார். நல்ல மனிதர், நம்பினார். ஆனாலும் அந்த அறையில் இருந்து வெளியே வரும்போது எல்லாரும் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் தனியாக இருக்கத் தொடங்கினேன்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு பொறி வைத்தார்கள். “இன்றைக்கு 10,000 கட்டுங்க, மிச்சத்தைப் பேசி முடிக்கலாம்” என்று இனிமையாகப் பேசினார் வேறு ஒருவர். சித்தப்பாவும் “கட்டித் துலைச்சுப்போட்டு நிம்மதியா இரு” என்றார். எனக்கும் கை சென்றது. அலுவலகத்தில் ஒருவர் அறிமுகப்படுத்திய சட்டத்தரணிதான் நிறுத்தினார். எடுக்காத கடனுக்கு நீங்கள் ஒரு ரூபா கட்டினாலும் கடன் என்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகக் காட்ட அது போதும் என்றார். இதை நன்றாக நினைவில் வையுங்கள். தொலைபேசியில் வாக்குவாதப்படாமல் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கச் சொன்னார்: ஒப்பந்தத்தின் பிரதி, விண்ணப்பித்த திகதியும் நேரமும், விண்ணப்பித்த தொலைபேசி இலக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 25,000 எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம். பதிவுத்தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டேன். அழைப்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் படம் பிடித்து என் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தேன். போன் பழுதானாலும் அவை இருக்கும்.

பதில் இழுத்தடித்து வந்தது. காசு வங்கிக் கணக்குக்கே போகவில்லை. ஒரு கைபேசிப் பணப்பைக்குப் போயிருந்தது. அந்தக் கைபேசி இலக்கத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆனால் அது என் பெயரில் பதிவான சிம். முழு மோசடியும் அந்தச் சிம்மில் இருந்துதான் தொடங்கியிருக்கிறது. அட்டைப் பிரதியைக் காட்டிச் சிம், சிம்மை வைத்துப் பணப்பை, பணப்பையை வைத்துக் கடன். ஒவ்வொரு இடத்திலும் இயந்திரம் இலக்கத்தைச் சரிபார்த்ததே தவிர, எதிரே இருக்கிற ஆளைப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் நிலையத்துக்குப் போய் என் அடையாள அட்டையில் எத்தனை சிம் இருக்கிறது என்று கேட்டேன். தட்டிப் பார்த்து, ஒன்றுதான் என்றார் அங்கிருந்த தங்கை. அது நான் பாவிக்கும் சிம். வெளியே வந்து படியில் நின்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது. 2019இல் என் பழைய லேமினேட் அட்டை வெடித்துப்போனதால் புதிய ஸ்மார்ட் அட்டை எடுத்திருந்தேன். இலக்கமும் ஒன்பதில் இருந்து பன்னிரண்டாக மாறியிருந்தது. ஆண்டுக்கு முன்னால் 19 சேர்ந்து, நடுவில் ஒரு பூச்சியமும் வரும், கடைசி ஆங்கில எழுத்து போய்விடும். திரும்ப உள்ளே போய்ப் பழைய இலக்கத்தைக் கொடுத்தேன். இன்னொரு சிம் வந்தது. கடன் காசு போன அதே இலக்கம். உங்களிடம் இரண்டு இலக்கமும் இருந்தால் இரண்டையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் பாவிக்கும் நிறுவனத்தோடு நிறுத்தாமல் மற்ற நிறுவனங்களிலும் கேளுங்கள்.

அந்தத் தங்கை மனமிரங்கித் திரையைத் திருப்பிக் காட்டினார். பதிவுப் படிவத்தோடு என் பழைய அட்டையின் போட்டோக்கொப்பி. ஓ.எல். பரீட்சைக்காக எடுத்த படம், இரட்டைப் பின்னலோடு நான். கொப்பியின் ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்துக் கழற்றிய இரண்டு துளை கறுப்பாகத் தெரிந்தது. எங்கோ ஒரு விண்ணப்பத்தோடு குத்திக் கொடுத்ததை யாரோ கழற்றியிருக்கிறார்கள். கீழே கையெழுத்து ஆங்கிலத்தில், வளைத்து வளைத்துப் போட்டிருந்தது. நான் பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து தமிழில்தான் கையெழுத்து வைக்கிறேன். அந்தக் கொப்பியிலேயே, அட்டையில் என் தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. இரண்டும் ஒரே திரையில், ஒரு விரல் இடைவெளியில். பதிவு செய்தவர் அதை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவும் நடந்திருக்காது. அந்த இடத்திலேயே அழுகை வந்தது, கோபத்தில். அச்செடுத்துத் தர முடியாது, பொலிஸ் கேட்டால்தான் என்றார்கள். பதிவான திகதியையும் விற்ற முகவரின் ஊரையும் எழுதிக்கொண்டு, அந்தச் சிம் என்னுடையதல்ல என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக என் பிரதியில் முத்திரை வாங்கினேன். முத்திரை இல்லாமல் எந்த மேசையில் இருந்தும் எழும்பாதீர்கள்.

அந்தக் கொப்பி எங்கிருந்து போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2019க்கு முன் கொடுத்ததில் ஒன்று என்பது மட்டும் தெரியும். இருந்து எண்ணிப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் முதல் இருந்த விடுதி, பிறகு வெள்ளவத்தையில் இரண்டு வீட்டுக்காரர், வீட்டுக்காரர் பொலிஸில் ஆள் பதியக் கொடுத்தது, கிராம சேவகர், வேலைக்கு விண்ணப்பித்த கம்பனிகள், பார்சல் அனுப்பிய இடம், தவணைக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கிய கடை, கொப்பி எடுக்கப் போன கொமினிகேஷன்கள். கொழும்புக்கு வந்த தமிழருக்கு அட்டையைக் கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்கும் பழக்கமே இல்லாமல் போய்விட்டது. 2007 ஜூனில் விடுதிகளில் இருந்த தமிழரை இரவோடு இரவாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதையும் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்ததையும் பார்த்த தலைமுறைதான் எங்களை வளர்த்தது. “ஐடியை எப்பவும் வைச்சிரு, கேட்டால் உடனே குடு” என்று சொல்லித்தான் அம்மா என்னைப் பஸ் ஏற்றினார். பாதுகாப்புக்காகக் கொடுத்த கொப்பிகள் யாருடைய லாச்சியில் கிடக்கின்றன என்று கேட்க எங்களுக்கு ஒருநாளும் வாய்ப்பு இருக்கவில்லை.

இப்போது நான் கொடுக்கும் ஒவ்வொரு கொப்பியிலும் படத்துக்கும் இலக்கத்துக்கும் குறுக்கே, யாருக்கு, எதற்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதி இரண்டு கோடு இழுக்கிறேன். “வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்” என்று எழுதிய கொப்பியைக் கொண்டுபோய் ஒருவர் சிம் எடுப்பது சுலபமில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போனிலேயே படத்தின்மேல் அதையே எழுதி அனுப்புகிறேன். சில இடத்தில் முகம் சுளிப்பார்கள். இதுவரை ஒருவரும் வேண்டாம் என்று திருப்பித் தந்ததில்லை. வீடு மாறும்போது பழைய வீட்டுக்காரரிடம் கொப்பியைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். கொமினிகேஷனில் கொப்பி எடுத்தால் பிழைத்துப்போன தாளையும் கையோடு கொண்டுவாருங்கள்.

பொலிஸ் விடயத்துக்கு வருகிறேன். முதல் முறை போனபோது, இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, கம்பனியோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டத்தரணி சொன்னபடி அடுத்த முறை “கடன்” என்ற சொல்லையே முதலில் எடுக்கவில்லை. என் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து சிம் எடுத்திருக்கிறார்கள் என்று தொடங்கினேன். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம் என்பதால் முறைப்பாட்டை எடுத்தார்கள். சிங்களத்தில் எழுதி ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். துணைக்கு வந்த என் அலுவலகச் சிநேகிதி சிங்களவர். அவர் வாங்கி வாசித்துவிட்டு என் கையைப் பிடித்தார். கடன் எடுத்ததாகவும் கட்ட முடியாமல் இருப்பதாகவும் வருகிற மாதிரி ஒரு வசனம் அதில் இருந்தது. வேண்டுமென்று எழுதியதாக நான் நினைக்கவில்லை. அவசரத்தில், நான் பாதிச் சிங்களத்தில் சொன்னதை அவர் விளங்கிய மாதிரி எழுதியிருக்கிறார். ஆனால் ஒப்பம் வைத்திருந்தால் என் வாக்குமூலமே எனக்கு எதிரான சாட்சி. தமிழில் தருகிறேன் என்று சொல்லி, தமிழ் தெரிந்த சார்ஜன் வரும்வரை பின்னேரம் மட்டும் வாங்கில் இருந்தோம். நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. சண்டை பிடிக்காமல், பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். விளங்காத மொழியில் உள்ள எதற்கும் ஒப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டின் பிரதியைப் பணம் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு போகிற எல்லா இடத்திலும் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னும் இரண்டு இடம் எனக்கு உதவியது. கடன்காரர்கள் “கிரிப்பில் போட்டுவிடுவோம், இனி எந்த வங்கியும் கடன் தராது” என்று மிரட்டிக்கொண்டே இருந்தார்கள். கிரிப் என்பது ஆட்களின் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகம். அங்கே தன் சொந்த அறிக்கையை எவரும் கட்டணம் கட்டி எடுக்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எடுத்துப் பார்த்தேன். அந்தக் கடன் அதில் இல்லவே இல்லை. இணையத்தில் கடன் கொடுக்கும் எல்லாரும் அந்தப் பணியகத்தில் உறுப்பினர் அல்ல. தம்பியின் படிப்புக்கு வங்கியில் கடன் கேட்க இருந்த நான், கிரிப்பில் விழுந்திருப்பேன் என்ற பயத்தில் போகாமலே இருந்துவிட்டேன். அவனுக்கு அந்தத் தவணை அனுமதி தவறி, அரை வருடம் வீணாகப் போனது. பயப்பட முதல் அறிக்கையை எடுங்கள். மற்றது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு, 1935 என்ற இலக்கம். கம்பனியின் பெயரைச் சொன்னதும், அது மத்திய வங்கி உரிமம் கொடுத்த நிறுவனமே அல்ல என்றார்கள். அதனால் அவர்களால் நேரடியாக ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அந்த ஒரு தகவலை வைத்துச் சட்டத்தரணியின் அடுத்த கடிதம் வேறு தொனியில் போனது. இணைய மோசடி, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. அங்கும் சொல்லி வைத்தேன்.

இவ்வளவுக்கும் இந்த நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2022 மார்ச்சில் நிறைவேறிய 9ஆம் இலக்கச் சட்டம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு, பிழையைத் திருத்து, அழி என்று ஒரு நிறுவனத்திடம் கேட்கும் உரிமைகள் எல்லாம் அதில் எழுதியிருக்கின்றன. 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. அதே காலத்தில் கைரேகை, கண் கருவிழி, முகம் மூன்றையும் எடுக்கும் டிஜிட்டல் அடையாள அட்டைக்கு இந்திய உதவியோடு வேலை நடக்கிறது. நான் அதற்கு எதிரானவள் இல்லை. 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் வந்தபோது நாள்கணக்கில் நின்ற வரிசை குறைந்ததைக் காலி வீதியில் கண்ணால் பார்த்தேன். கொப்பி கொடுக்காமல், இவர் அவர்தானா என்பதற்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் வருகிற ஒரு முறை வந்தால் எனக்கு நடந்தது நடக்காது. ஆனால் வெடித்த அட்டையை மாற்றி நான் புது இலக்கம் எடுத்தேன். கருவிழியை எங்கே போய் மாற்றுவது? என் தரவை யார், எப்போது, எதற்குத் திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியலை நான் கேட்டு வாங்கும் உரிமை நடைமுறையில் வந்த பிறகுதான் என் விரலையும் கண்ணையும் கேட்க வேண்டும். இதைத் தமிழ் எம்.பி.மாரும் கேட்க வேண்டும், நாங்களும் அவர்களிடம் கேட்க வேண்டும்.

கடைசியில் பொலிஸ் பிரதி, சிம் பதிவு பற்றிய விவரம், என் தமிழ்க் கையெழுத்துள்ள பழைய வங்கிப் படிவங்கள், சமாதான நீதவான் முன் செய்த சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் சேர்த்துச் சட்டத்தரணி அனுப்பிய பிறகு, கணக்கை மூடிவிட்டோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அது போதாது. மூடிவிட்டோம் என்றால் கட்டி முடித்தார் என்றும் பொருள் கொள்ளலாம். இந்தக் கடன் இவரால் எடுக்கப்படவில்லை, இவர் எங்களுக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, இவருடைய விவரங்களை வேறு எவருக்கும் கொடுக்க மாட்டோம் என்று கடிதத்தலைப்பில், ஒப்பத்தோடும் முத்திரையோடும் கேட்டு வாங்கினேன். சட்டத்தரணி செலவு, நோ-பே லீவு, ஓட்டோ, தபால், பிரதி எல்லாம் சேர்த்து என் கையில் இருந்து ரூ. 55,000க்குக் கிட்டப் போனது. ஒரு சதமும் திரும்பி வரவில்லை. எடுத்தவர் பிடிபடவும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதி அனுப்பினேன். அவர் அதை ரீச்சருக்கும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

அந்தக் கடிதம் ஏன் முக்கியம் என்று சில மாதம் கழித்துத் தெரிந்தது. வேறொரு வசூல் நிறுவனத்தில் இருந்து அதே கடனுக்கு அழைப்பு வந்தது. பட்டியல் கைமாறியிருக்கிறது. இந்த முறை எனக்குக் கை நடுங்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் பெயரையும் மின்னஞ்சலையும் சொல்லுங்கள் என்று கேட்டு, கடிதத்தின் பிரதியையும் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும் அனுப்பினேன். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. மூலப் பிரதி என் அலுமாரியில், ஸ்கேன் மின்னஞ்சலில், இன்னொரு பிரதி பருத்தித்துறையில் அம்மாவிடம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய இலக்கம், புது இலக்கம் இரண்டிலும் சிம் தேடிப் பார்க்கிறேன்.